மறு: பொங்கல் கடற்கரைச் சுற்றுலா – முன்பணம் 15,000 கேட்டிருப்பது பற்றி

கணக்கப்பிள்ளை வீடு, டொரண்டோ:

செயலாளர் அண்ணனுக்கும் சொந்தங்களுக்கும் வணக்கம்.

பொங்கலுக்கு ஊருக்கு வரும் வெளிநாட்டுச் சொந்தங்களுக்காக நம் ஊர்ச் சங்கம் போட்டிருக்கும் ஐந்து நாள் சுற்றுலாவுக்கு (புதன் மாமல்லபுரம் தொடங்கி ஞாயிறு மதுரை வரை) தலைக்கு 32,500 ரூபாய், அதில் 15,000 இந்த மாதக் கடைசிக்குள் சங்கக் கணக்கில் விழ வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். 34 பேருக்கு மொத்தம் 11,05,000. கூட வந்த தாளில் நாலே வரி: போக்குவரத்து 2,60,000, தங்கல் 4,20,000, உணவு 2,55,000, இதர 1,70,000.

இந்த இதரவை 34 பேருக்குப் பிரித்தால் சரியாக ஆளுக்கு 5,000 வருகிறது. ஊர்க் குளத்துப் படித்துறைக்கு என்று ஆவணியில் நன்கொடையாகக் கேட்டதும் இதே தொகைதான். படித்துறை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சுற்றுலாக் கட்டணத்துக்குள் அதை நுழைக்க வேண்டாம் என்கிறேன். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறவர் வெளிநாட்டில் சம்பாதித்துக் கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடையாகாது. ஓசிஐ அட்டைக்காரர், அதாவது இந்திய வம்சாவளி என்று அட்டை வாங்கியவர், சட்டப்படி வெளிநாட்டுக் குடிமகன். அவர் கொடுக்கும் நன்கொடை, வெளிநாட்டு நன்கொடைகளை ஒழுங்குபடுத்தும் எஃப்சிஆர்ஏ சட்டத்துக்குள் வருகிறது. அந்த அனுமதி இல்லாத சங்கம் அதை வாங்கவே கூடாது. அனுமதி இருந்தாலும் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் வாங்க வேண்டும். நம் 34 பேரில் 19 பேர் ஓசிஐ. வண்டிக்கும் அறைக்கும் கொடுப்பது சேவைக்கான கட்டணம், அது வேறு கணக்கு. இரண்டையும் ஒரே ரசீதில் போட்டால் பின்னால் பதில் சொல்ல வேண்டியவர் பொருளாளர்தான்.

ஆகவே சுற்றுலாப் பணம் ஏற்பாட்டாளரின் கணக்குக்கு நேராகப் போகட்டும், 5% ஜிஎஸ்டி போட்ட பில்லோடு. 2011 கும்பாபிஷேகக் கணக்கு இன்னும் மூடப்படவில்லை. இதுவும் அப்படித் தொங்கக் கூடாது.

போக்குவரத்தில் கிலோமீட்டருக்கு எவ்வளவு, ஓட்டுநர் படி எவ்வளவு, சுங்கமும் பார்க்கிங்கும் யார் தலையில் என்று ஒன்றுமே இல்லை. வெளியூர் ஓட்டத்துக்கு நாளைக்குக் குறைந்தபட்சம் 250 கி.மீ. என்று போடுவது வழக்கம். ஐந்து நாளைக்கு 1,250. ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்தக் காசு உண்டு. சென்னை வண்டியை மதுரையில் விட்டால் அது காலியாகத் திரும்பும் தூரமும் நம் கணக்கில்தான் ஏறும், ஷெட்டிலிருந்து ஷெட் வரை. இதை எழுத்தில் வாங்குங்கள்.


கீழத்தெரு, சிங்கப்பூர்:

பணத்தை அண்ணன் பார்த்துவிட்டார். நான் திட்டத்தை மட்டும் எழுதுகிறேன். அடித்துச் சொல்கிறேன், இந்தத் திட்டம் ஓடாது. தூரத்தைப் பார்த்துப் போட்டிருக்கிறார்கள். எந்தக் கதவு எந்தக் கிழமை திறக்கும், எப்போது சாத்தும் என்று யாரும் பார்க்கவில்லை.

புதன்கிழமை மாமல்லபுரம் என்று இருக்கிறது. அது காணும் பொங்கல். செங்கல்பட்டு, சென்னை ஜனம் முழுக்க அன்றைக்குக் கடற்கரையில்தான் இருக்கும். வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். எழுபது வயதுக்காரர்களைக் கூட்டத்தில் நடத்திக்கொண்டு போய்க் கடற்கரைக் கோயில் வரிசையில் நிறுத்துவதற்கு, போகாமலே இருக்கலாம்.

வியாழன் காலை பிச்சாவரம், பன்னிரண்டரைக்குச் சிதம்பரம். கோயில் நடை மதியம் சாத்தி மாலையில்தான் திறக்கும். இதைத் திருப்பிப் போட்டாலே போதும், காலையில் சிதம்பரம், சாப்பாட்டுக்குப் பிறகு பிச்சாவரம். அங்கே துடுப்புப் படகுதான் எடுக்க வேண்டும். மோட்டார் படகு அகலமான வாய்க்காலிலேயே சுற்றிக் கொண்டுவந்து விட்டுவிடும், சுரபுன்னை வேர்கள் தலைக்கு மேல் கூடும் சந்துகளுக்குள் போகாது. தண்ணீர் வற்றும் நேரமென்றால் துடுப்புப் படகும் அந்தச் சந்துகளில் தரை தட்டும். அன்றைய ஓதம் எப்போது என்று படகுத்துறையில் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை தரங்கம்பாடி. அத்தை மகன் போன வாரம் போய்வந்து அனுப்பிய படங்களைப் பார்த்தீர்களா? டென்மார்க்காரர் கட்டிய டான்ஸ்பார்க் கோட்டைக் கதவில் பூட்டு. அன்றும் வெள்ளிதான். கோட்டையும் உள்ளே இருக்கும் அருங்காட்சியகமும் வெள்ளிதோறும் விடுமுறை. ஐந்து நாள் பயணத்தின் நடுநாளில், பூட்டிய கதவுக்கு முன்னால் 34 பேர் நின்று படம் எடுத்துக்கொண்டு வரவா போகிறோம்?

சனிக்கிழமைதான் மோசம். வேளாங்கண்ணியில் எழுந்து, வடக்கே நாகூர் போய், திரும்பி நாகை வந்து, வேதாரண்யம், கோடியக்கரை, மனோரா, ராத்திரி ராமேஸ்வரம். 300 கிலோமீட்டருக்கு மேல், பெரும்பாலும் இருவழிச் சாலை, ஊருக்கு ஊர் வேகத்தடை. கோடியக்கரைக்கு உச்சி வெயிலில் போனால் வெளிமான் நிழலில் படுத்திருக்கும், பூநாரை கானல் நீருக்கு அப்பால் வெள்ளைக் கோடாகத் தெரியும், அவ்வளவுதான். விடியலில் போக வேண்டும், அல்லது வெயில் சாய்ந்த பிறகு. மனோராவுக்குப் போய்ச் சேரும்போது இருட்டிவிடும். நெப்போலியன் தோற்றதற்காக இரண்டாம் சரபோஜி எழுப்பிய அந்த அறுகோணக் கட்டடத்தை டார்ச் வெளிச்சத்தில் பார்க்க முடியாது.

ஞாயிறு ராமேஸ்வரத்தில் தீர்த்தமாடி, தனுஷ்கோடி போய், மதுரையில் மாலை விமானம் பிடிக்க வேண்டுமாம். 22 தீர்த்தத்துக்கு இத்தனை பேர் என்றால் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. கைப்பேசியை எல்லாம் வெளியே ஒப்படைக்க வேண்டும். ஈரத் துணியோடு சந்நிதிக்கு விடமாட்டார்கள், மாற்றுத் துணிப் பையோடு ஓர் ஆள் வெளியே காத்திருக்க வேண்டும். பிராகாரக் கல் முழுக்கத் தண்ணீர், வயதானவர்கள் வழுக்குவது அங்கேதான். மதியம் நடை சாத்தி மூன்று மணிக்குத் திறக்கும். மதுரை விமான நிலையம் நாலு மணி நேரம். இதில் தனுஷ்கோடி எங்கே நுழையும்?

என் யோசனை: ராமேஸ்வரத்தை எடுத்துவிடுங்கள். அதற்குத் தனியாக இரண்டு நாள் வேண்டும். காணும் பொங்கல் முடிந்து வெள்ளி மாலை மாமல்லபுரம் போய்த் தங்குங்கள். சனி காலை ஆறு மணிக்குக் கடற்கரைக் கோயில் திறக்கும்போதே உள்ளே போய்விட வேண்டும், பத்து மணிக்குள் ஐந்து ரதமும் முடிந்துவிடும். ஒரே டிக்கெட் இரண்டுக்கும் செல்லும், தொலைக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். இந்தியருக்கு 40, வெளிநாட்டவருக்கு 600, 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இலவசம். ஓசிஐ அட்டைக்காரருக்கும் இந்தியக் கட்டணம்தான். ஆனால் அசல் அட்டையைக் காட்ட வேண்டும், கவுண்டரில் வாய்ப்பேச்சு எடுபடாது. அட்டை இல்லாத மலேசிய மாப்பிள்ளைகள் 600 கொடுத்துத்தான் ஆக வேண்டும். இலங்கைப் பாஸ்போர்ட் என்றால் 40. அர்ச்சுனன் தபசுக்கு டிக்கெட் கிடையாது. பிள்ளைகளுக்குப் பாறையின் கீழ்ப்பக்கம் பின்னங்காலில் நின்று தவம் செய்யும் பூனையையும், அதன் காலடியில் கும்பிடும் எலிகளையும் காட்டச் சொல்லுங்கள். அதைக் காட்டாமல் கடந்து போகிற வழிகாட்டியை அடுத்த ஊருக்குக் கூட்டிப்போகாதீர்கள்.

சனி இரவும் ஞாயிறு இரவும் சிதம்பரம். திங்கள் காலை பூம்புகார். சிலப்பதிகாரக் கலைக்கூடத்தோடு நிறுத்தாமல் கீழையூர்ப் படகுத்துறைச் செங்கல் கட்டுமானத்தையும் பல்லவனீச்சுரத்துப் புத்த விகாரத்தையும் பார்க்க வேண்டும், இரண்டுக்கும் சேர்த்து ஒரு மணி நேரம் போதும். பிற்பகல் தரங்கம்பாடி, இரவும் அங்கேயே. வண்டியை 1792-இல் கட்டிய நுழைவாயிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு நடக்கலாம், கோட்டை வரை நேர்த்தெருதான். 1701 சீயோன் ஆலயமும், பாதிரியார் சீகன்பால்கு கட்டி 1718-இல் திறந்து அடுத்த வருஷமே அதற்குள் அடக்கமான புது எருசலேம் ஆலயமும் அந்தத் தெருவிலேயே எதிரெதிராக வரும். புது எருசலேமின் முகப்பில் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக்கின் கிரீட முத்திரை இருக்கிறது, நிமிர்ந்து பார்த்தால்தான் தெரியும். மாசிலாமணிநாதர் கோயிலில் முன்பாதியைக் கடல் எடுத்துக்கொண்டது. கருங்கல் தடுப்பின் மேல் பிள்ளைகளை ஏறவிடாதீர்கள், பாசி பிடித்திருக்கும்.

செவ்வாய் நாகூர், நாகை, இரவு வேளாங்கண்ணி. புதன் வேதாரண்யம், மாலை கோடியக்கரை, ராத்திரிக்கு ஊர்.

பஞ்சாங்கத்தையும் பாருங்கள். இந்த நாட்களில் தை அமாவாசை விழுந்தால் பூம்புகாரிலும் வேதாரண்யத்திலும் தர்ப்பணக் கூட்டத்தில் வண்டி நகராது.

வண்டி: ஒரே பெரிய பேருந்து வேண்டாம். 21 இருக்கை வேன் இரண்டு போதும். இருக்கை எண்ணிக்கைக்குச் சமமாக ஆள் ஏற்றினால் பெட்டி வைக்க இடம் இருக்காது, நடுவழியில் அடுக்குவார்கள், பெரியவர்கள் தடுக்கி விழுவார்கள். புதுச்சேரியும் காரைக்காலும் வேறு ஆட்சிப் பகுதி. அகில இந்தியச் சுற்றுலா பர்மிட் உள்ள வண்டியா என்று நகல் வாங்கிப் பாருங்கள், இல்லையென்றால் எல்லைச் சாவடியில் நேரமும் போகும், அபராதமும் விழும். இளவட்டங்களுக்கு ஒரு சொல்: காரைக்காலில் பாட்டில் வாங்கி வண்டியில் வைக்காதீர்கள். வாஞ்சூர்ச் சாவடியில் பிடித்தால் மொத்த வண்டியும் நிற்கும்.

இன்னொன்று. வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டில் வருகிறவர் எங்கே தங்கினாலும், ஊரில் நம் வீடாகவே இருந்தாலும், வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் தங்குவதைத் தெரிவிக்கும் படிவத்தை (முன்பு சி படிவம்) பதிய வேண்டும். விடுதிக்காரர் பதிந்துவிடுவார். ஊரில் யார் பதிவது என்று இப்போதே முடிவு செய்யுங்கள்.


தோப்பு வீடு, பாரிஸ்:

தங்கச்சி எழுதியது அத்தனையும் சரி. ஆனால் சங்கத்தின் தாளை இன்னொரு தடவை படித்தேன், ரத்தம் கொதிக்கிறது. "நாகப்பட்டினம் – மதிய உணவு." அவ்வளவுதானா நாகை?  

சுமத்திராவின் ஸ்ரீவிஜய அரசன் மாறவிஜயோத்துங்கவர்மன் ராஜராஜன் காலத்தில் சூடாமணி விகாரம் என்ற புத்தப் பள்ளியை எழுப்பிய ஊர் அது. அதற்குப் பள்ளிச்சந்தமாக, அதாவது பள்ளிக்கு விடும் மானிய நிலமாக, விட்டது ஆனைமங்கலம் என்ற ஊரை. அந்தக் கொடையைச் சொல்லும் 21 செப்பேடுகள் ஒல்லாந்து (நெதர்லாந்து) போய் லெய்டன் செப்பேடு என்று பெயர் வாங்கியிருக்கின்றன. விகாரத்தின் மிச்சத்தை 1867-இல் இடித்தார்கள். மண்ணுக்குள்ளிருந்து வந்த புத்தர் செப்புத் திருமேனிகள் 350-ஐ ஒட்டும், எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனால் பார்க்கலாம். நாகையைப் போர்த்துகீசியரிடமிருந்து 1658-இல் ஒல்லாந்தர் பிடித்து, பிறகு சோழமண்டலக் கரை முழுவதற்கும் அதையே தலைமையிடமாக்கினார்கள். 1781-இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. நம் பிள்ளைகள் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் வளர்கிறார்கள். மலேசியாவிலிருக்கும் கடாரத்துக்கும் நம் கரைக்கும் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இருந்த போக்குவரத்தை இந்த ஊரில் நின்று கேட்காமல் வேறெங்கே கேட்பது?

நாகூரையும் அரை மணியில் முடிக்காதீர்கள். அங்குள்ள தர்காவின் ஐந்து மினாராவில் உயரமானது 131 அடி, தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டிக் கொடுத்தது. தர்காவின் கந்தூரி விழாக் கொடி நாகையிலிருந்து கப்பல் ரதத்தில் வரும்போது நம் தெருப் பெரியவர்கள் எல்லாரும் வழியில் நின்று சர்க்கரை வாங்கிக்கொண்டு வந்த காலம் உண்டு. அந்தத் தெருவில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று கேட்டால்கூடச் சொல்ல ஆளில்லை.


கீழத்தெரு, சிங்கப்பூர்:

அண்ணே, நாகைக்கு நானும் அரை நாள் கேட்கிறேன். ஒன்றை மட்டும் முன்கூட்டியே எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள்: விகாரம் இருந்த இடத்தில் பார்ப்பதற்குக் கட்டடம் கிடையாது. அதனால் அங்கே நல்ல பேச்சாளர் வேண்டும். சுற்றுலாத் துறை உரிமம் உள்ள வழிகாட்டியைத் தரங்கம்பாடி, நாகை இரண்டு நாளைக்கும் தனியாகப் பேசிக்கொள்ளலாம். மாமல்லபுரத்து ஆளை ஐந்து நாளும் இழுத்துக்கொண்டு வந்தால் அவர் படியும் தங்கலும் கூடும், இந்தப் பக்கம் அவருக்குத் தெரியவும் தெரியாது. காலையில் நாகூர், பிறகு நாகை, ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டம், வெயில் தாழ்ந்ததும் கடற்கரையில் உட்காரவைத்துச் செப்பேட்டுக் கதை. ஆனைமங்கலம் போக விரும்புகிறவர்களுக்கு ஒரு வேனைத் தனியாக விடலாம், கிலோமீட்டர் எப்படியும் 250-க்குள்தான் நிற்கும்.


கணக்கப்பிள்ளை வீடு, டொரண்டோ:

புதுத் திட்டத்துக்கு வெள்ளி முன்னிரவையும் சேர்த்து ஐந்து இரவு. இருவருக்கு ஓர் அறை என்றால் 17 அறை, 85 அறை இரவு. பழைய தாளில் 4,20,000 என்பது 68 அறை இரவுக்கு, அதாவது அறைக்கு 6,176 ரூபாய். சிதம்பரத்தில் இந்த விலை எந்த விடுதிக்கு என்று பெயரோடு வேண்டும். காலை உணவு அறையோடு சேர்த்தியா என்பதும் வேண்டும், ஏனென்றால் உணவுக்குத் தனியாக ஆளுக்கு நாளைக்கு 1,500 போட்டிருக்கிறது.

விடுதிப் பெயர், இரண்டு வேன்களின் பர்மிட் நகல், யாராவது வர முடியாமல் போனால் எத்தனை நாளுக்கு முன் சொன்னால் எவ்வளவு திரும்பும், படித்துறை 5,000 நீக்கிய புதுத் தாள். இவை வந்த அன்றே எங்கள் வீட்டு நாலு பேருக்கு முன்பணம் கட்டிவிடுகிறேன்.