ரூமி பற்றிய சேம்பர் ஆபரா: போவதற்கு முன் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

காவேரிக்கரையான் கேட்டது:
ஜெர்மனியில் கொலோனில் வேலை. உடன் பணிபுரியும் பெண் ஒரு சின்னக் குழுவில் வயோலா (வயலின் மாதிரி, கொஞ்சம் பெரியது) வாசிக்கிறார். பாரசீகக் கவிஞர் ஜலாலுத்தீன் ரூமியின் வாழ்க்கையை வைத்துப் புதிதாக ஒரு சேம்பர் ஆபரா (சின்னக் குழு போடும் பாட்டு நாடகம்) போடுகிறார்களாம். எனக்கும் டிக்கெட் தந்திருக்கிறார். நாலு பாடகர்கள், ஒன்பது வாத்தியங்கள், இடைவேளை கிடையாது. ரூமி என்றால் எனக்கு வாட்ஸ்அப்பில் ரோஜாப் படத்தோடு வரும் இரண்டு வரிகள்தான். கதை தெரியாமல் போனால் புரியுமா? இன்னொன்று, ஐரோப்பியப் பாட்டில் அந்த ஊர் இசை எப்படிப் பொருந்தும்?

பழைய ரெக்கார்டு:
வாட்ஸ்அப் வரிகளை மறந்துவிட்டுப் போங்கள், பலவும் அவர் எழுதியதே இல்லை.

கதை இதுதான். ரூமி இன்றைய துருக்கியில் உள்ள கொன்யாவில் மதரசா ஆசிரியர், ஊரே மதிக்கும் மார்க்க அறிஞர், 37 வயது. 1244 நவம்பரில் தப்ரீஸ்காரரான ஷம்ஸ் என்ற நாடோடித் துறவி வந்து சேர்கிறார். அதோடு பாடமும் போச்சு, பிரசங்கமும் போச்சு. இருவரும் அறைக்குள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். சீடர்களுக்குப் பொறுக்கவில்லை. ஷம்ஸ் டமாஸ்கஸ் போய்விட, ரூமி தன் மகன் சுல்தான் வலதை அனுப்பி அழைத்துவரச் செய்கிறார். வீட்டில் வளர்ந்த கீமியா என்ற பெண்ணை ஷம்ஸுக்குக் கட்டிவைக்கிறார்கள். அவள் சீக்கிரமே இறந்துபோனாள் என்கிறார்கள். அப்புறம் ஷம்ஸ் மறுபடி காணாமல் போகிறார், இந்த முறை ஒரேயடியாக. கொன்றுவிட்டார்கள் என்று ஒரு பேச்சு, தானே கிளம்பிவிட்டார் என்று ஒரு பேச்சு. அந்தப் பிரிவில் ரூமி பாடிய கஜல்களின் தொகுப்புக்கே ஷம்ஸின் பெயர்தான்.

ஐந்தாறு பேர், ஒரு வீடு, சாத்திய கதவு. சின்ன மேடைக்கு இதைவிட என்ன வேண்டும்? என் பயமெல்லாம், கடைசியில் சூஃபிகளின் சுழல் நடனம் என்று வெள்ளைப் பாவாடை கட்டிச் சுழலவிட்டுக் கைதட்டல் வாங்கிவிடுவார்களோ என்றுதான். அதை முறையான சடங்காக வகுத்தவர்கள் ரூமிக்குப் பின் வந்தவர்கள். கதைக்கு அது தேவையே இல்லை.

தம்பூரா:
இசை பற்றி நான் சொல்கிறேன். மகாம்களில் (அந்தப் பக்கத்து ராகங்கள் மாதிரி) வரும் சில சுவரங்கள் பியானோவின் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் விழும். வயோலாவில் விரலை எங்கேயும் வைக்கலாம், சமாளித்துவிடும்; பியானோ இருந்தால்தான் தகராறு. 1908-இல் அஜர்பைஜானின் பாகுவில் உஸேயிர் ஹாஜிபெய்லி 'லைலா மஜ்னூன்' ஆபரா போட்டபோது ‘முகாம்’ எனப்படும் அந்த ஊர் மகாம் இசைப் பகுதிகளை நொட்டேஷனில் எழுதாமல், தார் என்ற தந்தி வாத்தியத்தோடு மனோதர்மமாகப் பாட விட்டுவிட்டார். எனக்கு இன்றுவரை அதுதான் சரியான வழியாகப் படுகிறது. டெஹ்ரானில் ரூமி கதையைப் பொம்மலாட்ட ஆபராவாகவே போட்டிருக்கிறார்கள். இசையமைத்தவர் பெஹ்ஸாத் அப்தி. பாடியவர்கள் பாரசீக மரபுப் பாடகர்கள். கிடைத்தால் கேளுங்கள்.

மாடிவீடு:
கதை இல்லாமலும் முடியும் சார். அமெரிக்க இசையமைப்பாளர் பிலிப் கிளாஸ் 1998-இல் ரூமி கவிதைகளை வைத்துச் செய்ததில் கதையே கிடையாது, ஆனால் பார்வையாளர்களுக்கு முப்பரிமாணக் கண்ணாடி உண்டு!

பழைய ரெக்கார்டு:
அதனால்தான் எனக்கு அது ஒட்டவில்லை, மாடிவீடு. ஷம்ஸ் இல்லாத ரூமி வெறும் மேற்கோள்தான்.

காவேரிக்கரையான்:
எல்லோருக்கும் நன்றி. விசாரித்தேன்: பியானோ இல்லை, நே என்ற நாணல் குழல் உண்டாம். போவதற்குள் ஏதாவது ஒன்று படிக்க நேரமிருக்கிறது. எதைப் படிக்கலாம்?

பழைய ரெக்கார்டு:
ரூமியின் நீண்ட கவிதை நூலான மஸ்னவியின் முதல் 18 ஈரடிகள். நாணற்காட்டிலிருந்து வெட்டப்பட்ட குழல் புலம்புவதாகத் தொடங்கும். நே வைத்திருக்கிறார்கள் என்றால் அதை எங்கேயாவது தொடாமல் இருக்க மாட்டார்கள்.