தோல்விக்கு மேல் தோல்வி: சீட்டு கெட்டதா, ஆட்டம் கெட்டதா?

செந்தூல்காரன்:

போக்கர் சீட்டாட்டத்தில் தொடர்ந்து தோற்கும் காலம் எல்லாருக்கும் வரும். அப்போது தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி ஒன்றுதான். நேரம் சரியில்லையா, இல்லை நாம் ஆடுவது சரியில்லையா? இதைப் பற்றி நாலு பேர் பார்த்ததைக் கேட்க வேண்டும் என்றுதான் இதைத் தொடங்குகிறேன்.

கோலாலம்பூரில் நாங்கள் சில பேர் வாரக் கடைசியில் ஒரு வீட்டில் கூடுவோம். பணம் வைப்பதில்லை, காசுக்குப் பதில் பிளாஸ்டிக் சிப்ஸ் (வில்லைகள்) மட்டும். 1953ஆம் ஆண்டின் சூதாட்ட இல்லச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. வீட்டுக்குள் காசு வைத்தால் யார் கேட்பார்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். காசு இல்லாவிட்டாலும் வரவு செலவு எழுதி வைத்திருக்கிறோம். அந்தக் கணக்கில் கடைசி இடத்தில் இருப்பவர் எல்லாருக்கும் பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு வாங்கித் தர வேண்டும். அதனால் யாரும் விளையாட்டுக்கு விளையாடுவதில்லை.

எங்களோடு ஆடும் ஒரு நண்பர் லாரி உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். நிதானமான ஆள். கொஞ்ச காலமாகத் தோல்விக்கு மேல் தோல்வி. ஆட்டம் முடிந்து மாமாக் கடையில் தே தாரிக் வந்ததும் அன்றைய அநியாயத்தைச் சொல்லத் தொடங்குவார். ஒரு நாள் அவர் சொன்ன கை (ஒரு சுற்று ஆட்டம்) இது. அவரிடம் இரண்டு எட்டு, அதாவது எட்டு ஜோடி. எல்லாருக்கும் பொதுவாக மேசையில் முதலில் திறக்கும் மூன்று சீட்டில், அதாவது ஃப்ளாப்பில், ஹார்ட் கிங், ஹார்ட் எட்டு, ஸ்பேட் மூன்று. மூன்று எட்டு சேர்ந்துவிட்டது. எதிரில் இருந்தவரிடம் ஹார்ட் ஏஸ், ஹார்ட் ஐந்து. அவர் ஃப்ளஷுக்கு, அதாவது ஒரே பூவில் (ஹார்ட், ஸ்பேட் மாதிரி) ஐந்து சீட்டு சேர்வதற்கு, காத்திருக்கிறார். இரண்டு பேர் சிப்ஸும் மொத்தமாக நடுவில் போனது. நான்காவது பொதுச் சீட்டான டர்னில் ஒன்றும் இல்லை, கடைசிச் சீட்டான ரிவரில் ஹார்ட் இரண்டு வந்து எதிராளிக்கு ஃப்ளஷ் சேர்ந்தது.

இது அதிர்ஷ்டக் குறைவுதான், சந்தேகமே வேண்டாம். சிப்ஸ் உள்ளே போன அந்த நேரத்தில் நான்கில் ஏறக்குறைய மூன்று தடவை ஜெயிக்கும் பக்கத்தில் நண்பர் இருந்தார். நாளைக்கு அதே சீட்டு, அதே ஃப்ளாப் வந்தால் திரும்பவும் அதையே செய்ய வேண்டும்.

ஆனால் அதே இரவில் இன்னொரு கையும் நடந்தது. நான் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பிளைண்ட், அதாவது சீட்டுப் பார்க்கும் முன்பே இரண்டு பேர் கட்டாயமாகப் போடும் சின்னத் தொகையும் பெரிய தொகையும், 1, 2. எங்கள் மேசையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் உண்டு. நாங்கள் எல்லாரும் அங்கிள் என்போம். நல்ல சீட்டு இல்லாமல் அவர் கை சிப்ஸ் பக்கமே போகாது. அவர் முன்வரிசையிலிருந்து (முதலில் முடிவு சொல்ல வேண்டிய இடத்திலிருந்து) 8 போட்டார். நண்பர் பட்டனில் (ஃப்ளாப்புக்குப் பிறகு கடைசியாக முடிவு சொல்லும் இடத்தில்) ஏஸ்-ஜாக் வைத்துக் கால் பண்ணினார், அதாவது அதே அளவு போட்டுத் தொடர்ந்தார், மற்றவர்கள் விலகினார்கள். ஃப்ளாப்பில் ஜாக், ஏழு, மூன்று, மூன்றும் வேறு வேறு பூ. அங்கிள் 12, நண்பர் கால். டர்னில் நான்கு. அங்கிள் 30, நண்பர் கால். ரிவரில் ஒன்பது. அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, 80 எண்ணி முன்னால் தள்ளினார். நண்பர் பெருமூச்சு விட்டுக் கால் பண்ணினார். அங்கிள், நண்பரின் ஜாக் ஜோடியைவிடப் பெரிய குவீன் ஜோடியைத் திருப்பினார்.

மாமாக் கடையில் எட்டு ஜோடி அரை மணி நேரம் ஓடியது. இந்தக் கைக்குக் கிடைத்தது ஒரே வரி. "டாப் பேர் அடிச்சும் அவர்கிட்ட குவீன்ஸ், என்ன செய்றது லா."

முதல் கையில் அவரிடமிருந்து பறித்தார்கள். இரண்டாவதில் அவரே எடுத்துக் கொடுத்தார். இரண்டையும் ஒரே கணக்கில், 'நேரம் சரியில்லை' என்று எழுதிக்கொண்டார். தோற்கும் காலத்தில் பலரும் இடறுவது இங்கேதான் என்பது என் எண்ணம். கதையாகச் சொல்ல வருகிற கைகளில் பெரும்பாலும் குற்றம் நம்முடையதாக இருக்காது. யாரிடமும் சொல்லத் தோன்றாத கைகளைத்தான் தோண்டிப் பார்க்க வேண்டும்.

இதே மாதிரி அடிக்கடி காதில் விழுவது, "எனக்கு மட்டும் ஃப்ளஷ் வரவே மாட்டேங்குது" என்பது. டர்ன் முடிந்த பிறகு நமக்குத் தெரியாத சீட்டு 46. ஒரே பூவில் நான்கு சேர்ந்திருந்தால், அதில் நமக்கு வேண்டிய பூ 9. ஐந்தில் ஒரு தடவைகூட முழுதாகத் தேறாது. நடுவில் 100 இருக்க, எதிராளி 100 போடுகிறார் என்று வையுங்கள். 300 ஆகப்போகும் பாட்டுக்கு (நடுவில் சேரும் மொத்த சிப்ஸ்தான் பாட்) நாம் 100 கொடுக்கிறோம். மூன்றில் ஒரு தடவை ஜெயித்தால்தான் கட்டுப்படியாகும். ரிவரில் பெரிதாக இன்னும் கறக்க வழி இருந்தால் சரி, இல்லையென்றால் அந்தக் காலே நஷ்டம். பூ வராமல் போனது துரதிர்ஷ்டம் இல்லை, நடக்க வேண்டியதுதான் நடந்தது. அதே இடத்தில் எதிராளி 25 மட்டும் போட்டிருந்தால் ஆறில் ஒன்று போதும். அங்கே கால் பண்ணித் தோற்றால் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஒரே சீட்டு, ஒரே தோல்வி, ஒன்று தப்பு, ஒன்று சரி.

உங்கள் மேசையில் பார்த்ததை எழுதுங்கள்.


பாயான் லெப்பாஸ் பொறியாளர்:

அண்ணே, நீங்கள் கையைப் பிரித்துப் பார்ப்பது சரி. ஆனால் அதற்கு முன்னால் ஒன்றை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். வெறும் வரவு செலவை வைத்து இந்தக் கேள்விக்குப் பதிலே கிடைக்காது.

நன்றாக ஆடும் ஒருவருக்கு 100 கைக்குச் சராசரியாக 5 பெரிய பிளைண்ட் லாபம் என்று வைத்துக்கொள்வோம். அது நல்ல ஆட்டம். ஆனால் நாம் ஆடும் போக்கர் வகையான நோ-லிமிட் ஹோல்டெமில் 100 கைக்கு ஏற்ற இறக்கம் 90 பிளைண்ட் அளவுக்கு இருப்பது சாதாரணம். 10,000 கை ஆடினால் எதிர்பார்ப்பது 500 லாபம், ஏற்ற இறக்கமோ 900. கணக்குப் போட்டுப் பாருங்கள், இப்படிப்பட்ட நல்ல ஆட்டக்காரர்களில் பத்துக்கு மூன்று பேர் 10,000 கை முடிவில் நஷ்டத்தில் நிற்பார்கள். நேரில் ஆடும்போது மணிக்கு 30 கை கிடைத்தால் பெரிது. வாரம் ஒரு தடவை ஆறு மணி நேரம் உட்கார்ந்தால் 10,000 கைக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். ஒரு வருஷம் முழுக்கத் தோற்றும் ஒருவர் நல்ல ஆட்டக்காரராக இருக்கலாம். ஒரு வருஷம் முழுக்க ஜெயித்துக்கொண்டு ஒருவர் மோசமாகவும் ஆடிக்கொண்டிருக்கலாம். இந்த இரண்டாவது ஆளை நினைத்துத்தான் எனக்குக் கவலை, அவர் தன் ஆட்டத்தை ஒரு நாளும் சோதித்துப் பார்க்க மாட்டார்.

பாயான் லெப்பாஸில் 1972லிருந்து தொழிற்பேட்டை இருக்கிறது, என் வேலையும் அங்கேதான். இயந்திரத்தில் அளவு கொஞ்சம் கூடும், குறையும். அது அதன் இயல்பு. புதிதாக வரும் பையன்கள் ஒவ்வொரு தடவை அளவு மாறும்போதும் திருகைத் திருப்புவார்கள். ஒழுங்காக ஓடிய இயந்திரம் அதனால்தான் கெடும். போக்கரிலும் இதைப் பார்த்திருக்கிறேன். பினாங்கில் எங்களோடு ஆடும் ஒரு சீனப் பெரியவர் மூன்று தடவை ஏஸ் ஜோடி உடைந்ததும் "ரொம்ப சுவே" (துரதிர்ஷ்டம்) என்று சொல்லி, அதன் பிறகு ஏஸ் ஜோடி வந்தாலும் ரெய்ஸ் பண்ணாமல் (தொகையை ஏற்றாமல்) வெறும் கால் மட்டும் பண்ண ஆரம்பித்தார். ஏஸ் ஜோடி வருவதே 221 கைக்கு ஒரு தடவை. எதிரில் கிங் ஜோடியே இருந்தாலும் நூற்றுக்கு 82 தடவை அதுதான் ஜெயிக்கும். நல்லதைத் திருத்தப் போய்க் கெடுத்துக்கொண்டார்.


மணிலா பயணி:

நான் நண்பர்களோடு மணிலா போய்ப் போட்டிகளில் ஆடுகிறவன். போட்டி ஆட்டத்தில் இது இன்னும் கொடுமை. பொதுவாக வந்தவர்களில் நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்து பேருக்குத்தான் பரிசு. ஐந்தில் ஒரு போட்டியில் பரிசுக்குள் வருகிறவர் கெட்டிக்காரர். அவருக்கே அடுத்தடுத்துப் பத்துப் போட்டியில் ஒன்றும் கிடைக்காமல் போக பத்தில் ஒரு வாய்ப்பு உண்டு. ஊரில் இருப்பவர்களுக்கு இதைப் புரியவைப்பது கஷ்டம். "போன தடவையும் ஒண்ணும் இல்லையா?" என்று கேட்கும்போது எந்த விளக்கமும் சாக்குப்போக்கு மாதிரியே கேட்கும். நான் இப்போது முடிவைப் பற்றிப் பேசுவதில்லை. வெளியேறின கையை மட்டும் ஒரு நண்பனிடம் சொல்வேன், என்ன சீட்டு வந்து விழுந்தது என்பதைச் சொல்லாமல். ஆல்-இன், அதாவது இருக்கும் சிப்ஸ் மொத்தமும் உள்ளே போகும் இடம், வரைக்கும் சொல்லி நிறுத்திவிட்டு, அது சரியா என்று கேட்பேன். கடைசிச் சீட்டைச் சொன்னால் கேட்கிறவர் பாவம் பார்ப்பார், அந்தப் பாவம் எனக்கு உதவாது.


கிள்ளான் அக்கா:

தம்பிமார்கள் எல்லாரும் கணக்கையே சொல்கிறீர்கள். ஒன்றை விட்டுவிட்டீர்கள். அதிர்ஷ்டமும் ஆட்டமும் தனித்தனியாக வருவதில்லை, ஒன்று இன்னொன்றைக் கூட்டிக்கொண்டு வரும்.

என் அண்ணன் ஆடுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். சாதாரண நாளில் சீட்டைப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிடுவான், அவன் முறை வரும்வரை சிப்ஸைத் தொட மாட்டான். ஒரு பெரிய பாட் அநியாயமாகப் போனால் போதும், அடுத்த கையிலிருந்து அவன் விரல் சிப்ஸ் மேலேயே இருக்கும். முன்னால் இருக்கிறவர் பேசி முடிக்கும் முன்பே தள்ளுவதற்கு எடுத்திருப்பான். பத்துக்கு இரண்டு கை ஆடுகிறவன் பத்துக்கு ஐந்து கை ஆடுவான். கிங்-ஒன்பது, குவீன்-எட்டு எல்லாம் அப்போது அவனுக்கு அழகாகத் தெரியும். போனது ஒரு பாட், அது துரதிர்ஷ்டம். அதற்குப் பிறகு விடியற்காலை வரை போன அத்தனையும் அவன் ஆட்டம். மறுநாள் கேட்டால் அந்த முதல் பாட்டைத்தான் சொல்வான்.

அண்ணியும் நானும் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்தோம். பெரிய பாட் போனால் எழுந்து வாசல் வரை போய் வர வேண்டும், அந்த மூன்று நான்கு கையை விட்டுவிட வேண்டும். இரண்டு தடவை சிப்ஸ் காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான், காரணம் எதுவாக இருந்தாலும் சரி. முதலில் முறைத்தான். இப்போது அவனே எழுந்து போய்விடுகிறான். தோற்காமல் இல்லை, தோற்கிறான். ஆனால் தோற்ற இரவுகள் சின்னதாகிவிட்டன. வீட்டுக் காசை வைத்து ஆடுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். விட்டதைப் பிடிக்க வேண்டும் என்று கடன் வாங்கத் தோன்றுகிற இடத்தில், ஆடினது சரியா தப்பா என்ற கேள்விக்கே வேலையில்லை. அங்கே ஆட்டத்தை விட வேண்டும், வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டும்.


ரவாங் வாசகர்:

கெந்திங் கசினோவில் பக்கராத் சீட்டாட்டம் ஆடும்போதும் எனக்கு இப்படித் தொடர்ந்து போகிறது. அங்கேயும் ஆடின விதத்தைச் சோதித்துப் பார்க்கலாமா?


செந்தூல்காரன்:

ரவாங் சகோ, அது வேறு சாமான். நாட்டில் சட்டப்படி நடக்கும் ஒரே கசினோ அது, 1971லிருந்து இருக்கிறது. பக்கராத்தில் நீங்கள் எந்தப் பக்கம் வைத்தாலும் நிறுவனத்துக்கு ஒரு பங்கு போய்க்கொண்டே இருக்கும், பேங்கர் பக்கம் நூற்றுக்கு 1.06, பிளேயர் பக்கம் 1.24. யோசித்து ஆடி அதை மாற்ற முடியாது. எவ்வளவு நேரம் உட்கார்கிறீர்களோ அவ்வளவுக்கு நஷ்டம் உறுதி. அங்கே நல்ல ஆட்டம் என்பது சீக்கிரம் எழுந்திருப்பது மட்டும்தான். போக்கரில் எதிரில் இருப்பவர் நம்மை மாதிரி ஒரு மனிதர், அவர் தப்புப் பண்ணுவார், நாமும் பண்ணுவோம். அதனால்தான் இந்தக் கேள்விக்கே போக்கரில் இடம் இருக்கிறது.

அக்கா சொன்னதை எங்கள் நண்பரிடம் காட்டினேன். விரல் சிப்ஸ் மேலே இருப்பதைப் படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் தன் கையைப் பார்த்தார்.

அவர் ஏஸ்-ஜாக் கையை எங்கே விட்டிருக்க வேண்டும் என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டிருந்தீர்கள். ஃப்ளாப்பில் விட வேண்டாம், அங்கே கால் சரி. டர்னில் அங்கிள் மறுபடியும் போட்டதும் யோசித்திருக்க வேண்டும், மற்றவர்களிடம் என்றால் அங்கேயும் கால் பண்ணலாம். ரிவர்தான் இடம். நடுவில் 103, அவர் போட்டது 80. கால் பண்ண நூற்றுக்கு 30 தடவை ஜெயிக்க வேண்டும். இப்போது எண்ணுங்கள். குவீன் ஜோடி 6 விதத்தில் வரும், கிங் ஜோடி 6. ஏஸ் ஒன்று நம் கையில் இருப்பதால் ஏஸ் ஜோடி 3. ஜாக் ஒன்று நம்மிடம், ஒன்று மேசையில், ஆகவே ஜாக் ஜோடி 1. நம்மை அடிப்பவை இதற்கே 16 ஆகிவிட்டது. கால் கட்டுப்படியாக, நம்மிடம் தோற்கும் கைகளிலும் குறைந்தது ஏழு விதத்தில் அவர் இப்படி மூன்று தடவையும் போட்டிருக்க வேண்டும். கிங்-ஜாக், குவீன்-ஜாக் மாதிரி. அங்கிள் முன்வரிசையிலிருந்து அந்தக் கைகளை ரெய்ஸ் பண்ணி எங்கள் மேசையில் ஒருவரும் பார்த்ததில்லை.