இல்லாத கேமுக்கு ட்ரெய்லர் எடுக்கணும்: விஸ்காம் கோர்ஸ்வொர்க், உதவி தேவை

அரைத்தூக்கம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) இரண்டாம் ஆண்டு. இந்த செமஸ்டரில் எங்களுக்கு இரண்டு வேலை. ஒன்று, ஏதாவது ஒரு மியூசிக் வீடியோவை எடுத்துக்கொண்டு 2000 வார்த்தையில் அலசி எழுத வேண்டும். இன்னொன்று, நாமே கற்பனை செய்த ஒரு வீடியோ கேமுக்கு 90 விநாடி ட்ரெய்லர். கேம் செய்ய வேண்டாம், ட்ரெய்லர் மட்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே மதிப்பெண் தாள், எதற்கு இரண்டையும் ஒன்றாகக் கட்டினார்கள் என்று யாருக்கும் புரியவில்லை.

மியூசிக் வீடியோவுக்கு நான் எடுத்தது ‘எஞ்சாய் எஞ்சாமி’. எழுதியும் முடித்துவிட்டேன். மேடம் முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் ‘இது கதைச் சுருக்கம், அலசல் எங்கே?’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ட்ரெய்லர் இன்னும் மோசம். பாழடைந்த பங்களா, உள்ளே பேய், ஹீரோ தப்பிக்க வேண்டும். இதுதான் எங்கள் கேம். மூன்று பேர் டீமில் ஒருவன் இன்டர்ன்ஷிப் கிடைத்தது என்று கிளம்பிவிட்டான், 3டி தெரிந்தவன் அவன் ஒருவன்தான். என் லேப்டாப் 8 ஜிபி ரேம், பிளெண்டர் என்கிற 3டி மென்பொருளைத் திறந்தாலே மாவு மில் மாதிரி சத்தம் போடுகிறது. அதனால் மொபைலில் ஆட்களை வைத்தே எடுத்துவிடலாமா என்று யோசிக்கிறோம். அப்படி எடுத்தால் கேம் ட்ரெய்லர் மாதிரி இருக்குமா? இன்னும் 19 நாள் இருக்கிறது. திட்டினாலும் பரவாயில்லை, ஏதாவது சொல்லுங்கள்.

---

வெட்டிஒட்டு எழுதியது:

தம்பி, நான் சென்னையில் ட்ரெய்லர் கட் பண்ணுகிற வேலையில் ஒன்பது வருஷமாக இருக்கிறேன் (சினிமா ட்ரெய்லர்தான், கேம் ட்ரெய்லர் நாலைந்து செய்திருப்பேன்). உங்கள் மேடம் இரண்டையும் ஒன்றாகக் கட்டியதில் அர்த்தம் இருக்கிறது. பாடகர் இல்லாத மியூசிக் வீடியோதான் முக்கால்வாசி கேம் ட்ரெய்லர்.

சந்தேகம் இருந்தால் 2006இல் வந்த ‘கியர்ஸ் ஆஃப் வார்’ கேமின் விளம்பரத்தைப் பாருங்கள். இயக்குநர் ஜோசப் கொசின்ஸ்கி எடுத்தது, அப்போது அவர் சினிமாவுக்கே வரவில்லை. கேம் முழுக்கத் துப்பாக்கியும் ரம்பமும். விளம்பரத்திலோ கேரி ஜூல்ஸ் பாடிய ‘மேட் வேர்ல்ட்’ மெதுவாக ஓடுகிறது, ஒரு சிப்பாய் இடிந்த ஊரில் தனியாக ஓடுகிறான். வசனம் கிடையாது. சத்தமான கேமுக்கு சோகப் பாட்டைப் போட்டால் என்ன ஆகும் என்று அதற்கப்புறம் எல்லோரும் கற்றுக்கொண்டார்கள், கற்றுக்கொண்டு சலிக்கவும் வைத்தார்கள்.

உங்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான், படம் எடுக்கப் போகும் முன்னால் சத்தத்தை முடித்துவிடுங்கள். 90 விநாடி ஆடியோ ஒன்றை முதலில் தயார் செய்து, அதைக் கண்ணை மூடிக் கேட்டால் பயம் வருகிறதா என்று பாருங்கள், வரவில்லை என்றால் படம் வந்து காப்பாற்றாது. நிமிஷத்துக்கு 90 பீட் உள்ள மியூசிக் எடுத்து விநாடிக்கு 24 ஃபிரேமில் எடிட் செய்தால் ஒரு பீட்டுக்குச் சரியாக 16 ஃபிரேம், உடையாத எண். 90 விநாடிக்கு 135 பீட். டைம்லைனில் 135 மார்க்கர் போட்டுவிட்டு அதில் எந்தெந்த இடத்தில் கட் வேண்டும் என்று ஷூட்டிங்குக்கு முன்னாலேயே முடிவு செய்யலாம். எல்லா பீட்டிலும் வெட்டாதீர்கள், கல்யாண ஆல்பம் வீடியோ ஆகிவிடும்.

---

கேசட்காலம் எழுதியது:

முதல் பாதிக்கு மட்டும் பதில் சொல்கிறேன். வாரம் இரண்டு வகுப்பு எடுக்கிறவன், இந்த ‘கதைச் சுருக்கம்’ வியாதியை வருஷா வருஷம் பார்க்கிறேன்.

நம் பிள்ளைகள் எல்லோரும் சினிமாப் பாட்டில் வளர்ந்தவர்கள். நாங்கள் வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’, நீங்கள் யூடியூப், அவ்வளவுதான் வித்தியாசம். சினிமாப் பாட்டில் கதாநாயகன் பாடுவது யாரோ ஒரு கதாபாத்திரமாக, கதை ஏற்கெனவே இருக்கிறது. மியூசிக் வீடியோவில் விற்கப்படுவது பாடுகிற ஆள். 1981 ஆகஸ்ட் 1 அன்று எம்டிவி தொடங்கியதே அந்த வியாபாரத்துக்குத்தான். இடையில் நிற்கிற கேஸும் உண்டு. 2011 நவம்பரில் வந்த ‘கொலவெறி’ சினிமாப் பாட்டு, ஆனால் படத்தின் காட்சி எதுவும் இல்லாமல் தனுஷும் அனிருத்தும் ஸ்டுடியோவில் ஹெட்ஃபோனோடு நிற்பதை வைத்தே ஓடியது. அதாவது மியூசிக் வீடியோவின் உடுப்பைச் சினிமா போட்டுக்கொண்டது.

மியூசிக் வீடியோ பற்றி ஆண்ட்ரூ குட்வின் என்கிற ஆய்வாளர் 1992இல் எழுதியதை உங்களுக்கு நோட்ஸாகக் கொடுத்திருப்பார்கள். அவர் பாட்டு வரிக்கும் படத்துக்கும் உள்ள உறவை மூன்றாகப் பிரிக்கிறார்: வரி சொன்னதையே படம் காட்டுவது, வரி சொன்னதைப் படம் வளர்த்துக்கொண்டு போவது, வரிக்குச் சம்பந்தமில்லாமலோ எதிராகவோ படம் போவது. பிள்ளைகள் இதை மனப்பாடம் செய்து எழுதிவிட்டு, உதாரணத்துக்கு வரும்போது ‘இந்த வரியில் மரம் என்கிறார், திரையில் மரம் வருகிறது’ என்று முடித்துவிடுகிறார்கள்.

உங்கள் பாட்டையே எடுத்துக்கொள்வோம். முன்னோர் விட்டுப்போன நிலம் பற்றிய பாட்டு. 2021இல் அமித் கிருஷ்ணன் இயக்கியது. முன்னோரைப் பற்றிப் பாடுகிற இடத்துக்குப் பழைய புகைப்படமோ, நடிகை போட்ட பாட்டி வேஷமோ போதாதா? போதாது என்று முடிவெடுத்து, பாடகர் அறிவு தன் சொந்தப் பாட்டியையே வீடியோவில் கொண்டுவந்திருக்கிறார். ஏன்? தேயிலைத் தோட்ட வேலைக்கு இலங்கை போய்த் திரும்பியவர்களின் குடும்பத்து வாழ்க்கை அந்தப் பாட்டுக்குள் இருக்கிறது. பாட்டியைத் திரையில் பார்த்ததும் ‘முன்னோர்’ பொதுச்சொல்லாக இல்லை, ஒரு முகம் ஆகிவிடுகிறது. படம் வரியை வளர்க்கிறது என்பது இதுதான். இந்த ஒரு முடிவைப் பற்றி மட்டும் 400 வார்த்தை எழுதலாம்.

செய்முறை ஒன்று சொல்கிறேன். சத்தத்தை நிறுத்திவிட்டு ஒரு நிமிஷம் மட்டும் ஓடவிட்டு, ஒவ்வொரு கட்டுக்கும் பேப்பரில் ஒரு கோடு போடுங்கள். அடுத்து படத்தை மறைத்துவிட்டு அதே நிமிஷத்தைக் கேளுங்கள். தாளம் மாறாமல் கோடு நெருங்குகிற இடம் எது, தாளம் வேகமாகியும் ஷாட் நின்றுகொண்டே இருக்கிற இடம் எது? அங்கேதான் அலசல் இருக்கிறது. மீதி உங்களுக்கே வரும்.

---

லெவல்ஒன் எழுதியது:

கேம் கம்பெனியில் டிசைனராக இருக்கிறேன். எடிட்டர் அண்ணன் சொன்ன ஆடியோ விஷயம் சரி, ஆனால் அதை மட்டும் செய்தால் உங்களுக்கு வருவது நல்ல ஷார்ட் ஃபிலிம் ட்ரெய்லர்.

‘பாழடைந்த பங்களா, பேய், தப்பிக்க வேண்டும்’ என்பது கதை. கேம் எங்கே? ஆடுபவன் கை என்ன செய்கிறது? ஓடுகிறதா, ஒளிகிறதா, எதையாவது திருப்புகிறதா, பிடிக்கிறதா? ஒரே ஒரு வினைச்சொல் சொல்லுங்கள். சொல்ல முடியவில்லை என்றால் ட்ரெய்லரிலும் அது தெரியாது.

2011இல் ‘டெட் ஐலண்ட்’ அறிவிப்பு ட்ரெய்லர் வந்தது. ஒரு குடும்பத்தின் கடைசி நிமிஷங்கள், ஒரு சிறுமி, எல்லாம் பின்னோக்கி ஓடும். பார்த்தவர்கள் ஆடிப்போனார்கள். கேம் வந்த பிறகு பார்த்தால், கட்டையால் ஸாம்பியை அடிக்கும் சமாசாரம். விளம்பரமாக வெற்றிதான், ஆனால் அந்தச் சோகத்தைத் தேடிப் போனவன் ஏமாந்தான். ‘ஏலியன்ஸ்: கலோனியல் மரீன்ஸ்’ விஷயத்தில் ட்ரெய்லரில் இருந்த தரம் கேமில் இல்லை என்று புகார் போய், 2013இல் பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையத்திடம், ட்ரெய்லர்களோடு விளக்கக் குறிப்பு சேர்க்கிறோம் என்று அதை வெளியிட்ட சேகா கம்பெனி ஒப்புக்கொண்டது. கேம் ட்ரெய்லர் என்பது ஒரு வாக்குறுதி, உன் கைக்கு இதுதான் கிடைக்கும் என்கிற வாக்குறுதி.

‘வெண்பா’ ட்ரெய்லரைப் பாருங்கள். 2023இல் டொராண்டோவின் விசை கேம்ஸ் வெளியிட்டது, கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பத்தின் கதை, அடுத்த வருஷம் பிரிட்டனின் பாஃப்டா கேம் விருதுகளில் அறிமுக கேமுக்கான விருதும் வாங்கியது. அதில் கேள்விக்கே இடமில்லை, வினைச்சொல் ‘சமை’. இட்லித் தட்டைத் திரையில் பார்த்த உடனே இதை நாம்தான் அடுக்கப் போகிறோம் என்று புரிந்துவிடும். அந்தக் குடும்பத்தின் வருத்தமெல்லாம் அந்தத் தட்டு வழியாகத்தான் வருகிறது.

ஆட்களை வைத்து எடுக்கலாம், தப்பே இல்லை. ஆனால் கேமரா யாருடைய கண் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். அப்புறம் தயவு செய்து கடைசியில் ப்ளேஸ்டேஷன் லோகோ, வயது மதிப்பீட்டு முத்திரை எல்லாம் ஒட்டாதீர்கள். உங்களுக்கு யாரும் மதிப்பீடு கொடுக்கவில்லை.

---

அரைத்தூக்கம் எழுதியது:

முதலில், தம்பி இல்லை, தங்கச்சி :)

லெவல்ஒன் அண்ணா கேட்ட கேள்வியை நேற்று கேன்டீனில் வைத்து நானும் தோழியும் ஒரு மணி நேரம் பேசினோம். முதலில் ‘ஓடு’ என்றோம், எல்லா பேய் கேமிலும் ஓடத்தான் செய்கிறார்கள். அப்புறம் தோழி சொன்னாள், அவள் சின்ன வயதில் கரண்ட் போனால் மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறும்போது காற்றில் அணையாமல் இடது கையை மறைத்துப் பிடிப்பாளாம், கை மறைத்தால் முன்னால் படி தெரியாது, கையை எடுத்தால் தீ ஆடும். அதுதான் கேம்! வினைச்சொல் ‘மறை’. தீயைக் காப்பாற்றினால் வழி தெரியாது, வழி பார்த்தால் தீ போய்விடும். பங்களா வேண்டாம், எங்கள் பாட்டி வீடு போதும், நீளமான நடை, நடுவில் முற்றம், காற்று தாராளமாக வரும்.

மொபைலை நெஞ்சில் கட்டிக்கொண்டு எடுத்தால் இரண்டு கையும் ஃபிரேமில் இருக்கும். இது சரியா வருமா?

---

போனவருஷபலிகடா எழுதியது:

வரும், வரும். நான் போன வருஷம் இதே மாதிரி வேலையில் 50க்கு 22 வாங்கியவன், அதனால் என் தகுதியைச் சந்தேகிக்க வேண்டாம்.

எங்களுடையதில் நடிப்பு, லைட்டிங் எல்லாம் நன்றாகத்தான் வந்தது. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வெளியிலிருந்து வந்தவர் கேட்டது ஒரே கேள்வி, ‘இதில் நான் எப்போது விளையாடுவேன்?’ பதில் இல்லை. உங்களிடம் இருக்கிறது.

இன்னொன்று. மொபைல் வீடியோ ஃபிரேம் ரேட் நிலையாக இருக்காது, 30 என்று சொல்லிவிட்டு ஏறி இறங்கும். நாங்கள் தனியாக ரெக்கார்ட் செய்த ஆடியோவை வைத்து ஒட்டினோம், முதலில் ஒட்டியது போல இருந்தது, முடிவில் கதவு மூடுவதும் சத்தமும் வேறு வேறு நேரத்தில். விடிய விடிய உட்கார்ந்து கையால் தள்ளித் தள்ளிச் சரி செய்தோம். மறுநாள்தான் ஒருவன் சொன்னான், எடிட்டுக்குக் கொண்டுபோகும் முன் ஹேண்ட்பிரேக் என்கிற மென்பொருளில் போட்டு நிலையான ஃபிரேம் ரேட்டுக்கு மாற்றியிருந்தால் போதுமாம். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் பேயிடம் கூட இருக்காது.

---

வெட்டிஒட்டு எழுதியது:

தங்கச்சி, மன்னிக்கவும். ‘மறை’ பிரமாதம்.

நீங்கள் கவனித்தீர்களோ இல்லையோ, அந்தக் கை உங்களுக்கு ஒரு எடிட்டிங் வசதியையும் கொடுக்கிறது. கை தீக்கு முன்னால் வரும்போது ஃபிரேம் பாதி இருட்டு. அந்த இருட்டில் வெட்டி அடுத்த ஷாட்டின் இருட்டோடு ஒட்டினால் நடை முழுவதும் ஒரே ஷாட் மாதிரி தெரியும். கை வருவதைப் பீட்டில் வையுங்கள். நடக்கும்போது காதில் அந்த ஆடியோவை ஓடவிட்டுக்கொண்டு நடங்கள், மியூசிக் வீடியோவில் பாடகருக்குப் பாட்டை ஓடவிட்டு எடுப்பது போலத்தான்.

மெழுகுவர்த்தி மொபைலுக்குப் போதாது, படம் முழுக்கப் பொரிப்பொரியாக வரும். இரண்டு மெழுகுவர்த்தியை முன்னும் பின்னுமாகச் சேர்த்துப் பிடித்தால் கேமராவுக்கு ஒன்றாகத்தான் தெரியும், வெளிச்சம் இரட்டிப்பு. எக்ஸ்போஷரை (மொபைல் எடுத்துக்கொள்ளும் வெளிச்ச அளவை) கட்டாயம் லாக் செய்யுங்கள், இல்லாவிட்டால் கை மறைக்கும்போதெல்லாம் மொபைல் தானாகவே வெளிச்சத்தைக் கூட்டி உங்கள் கேமையே கெடுத்துவிடும். தூரத்து அறையில் பல்பு எரியவிட்டால் ஷட்டர் வேகம் 1/50 விநாடி வையுங்கள், நம் ஊர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதற்குப் பொருந்தாத எண் வைத்தால் சில பல்புகள் திரையில் மினுக்கும். 8 ஜிபி லேப்டாப்பில் எடிட் செய்ய ப்ராக்ஸி (வீடியோவின் சின்ன நகல்) போட்டுக்கொள்ளுங்கள். சினிமாப் பாட்டு எதையும் பின்னணியில் போடாதீர்கள், யூடியூபில் ஏற்றிய உடனே காப்புரிமைப் பாட்டைக் கண்டுபிடிக்கிற அதன் கன்டென்ட் ஐடி பிடித்துக்கொள்ளும், லிங்க் கொடுத்துத்தான் சமர்ப்பிக்க வேண்டும் என்றால் சிக்கல். தெரிந்தவர் யாராவது உறுமியோ வீணையோ வாசித்தால் மொபைலிலேயே பதிவு செய்யுங்கள்.

புடவை, தொங்கும் துப்பட்டா எதுவும் கட்டாதீர்கள். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர்.

---

லெவல்ஒன் எழுதியது:

திரை ஓரத்தில், மற்ற கேம்களில் வருகிற உயிர்க்கோடு எல்லாம் வேண்டாம். மீதி எவ்வளவு என்று மெழுகுவர்த்தியின் உயரமே சொல்லும். முதல் ஷாட்டில் முழுசு, கடைசி ஷாட்டில் விரல் அளவு. நடுவில் ஒரு தடவை அணைந்து, மூன்று விநாடி கும்மிருட்டு, தீப்பெட்டி உரசுகிற சத்தம், மறுபடி முதல் படியிலிருந்து. தோற்றால் என்ன ஆகும் என்று காட்டுகிற ட்ரெய்லர் ரொம்பக் குறைவு, இதில் வைத்தால் ஆட்டத்தின் விதி மொத்தமும் புரிந்துவிடும்.

---

அரைத்தூக்கம் எழுதியது:

நேற்று இரவு ஒரு டெஸ்ட் எடுத்தோம். பிரச்சினை ஒன்று, நெஞ்சில் கட்டினால் மூச்சு வாங்குவதெல்லாம் கேமராவில் ஏறி இறங்குகிறது, ஆனால் பார்க்க அது நன்றாகவே இருக்கிறது, அப்படியே விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். பிரச்சினை இரண்டு, மெழுகு சொட்டி இடது கட்டை விரலில் கொப்புளம். முற்றத்தில் காற்றே வரவில்லை, வேண்டும்போது வராது போல, தோழி பின்னால் நின்று முறத்தால் வீசினாள். தீ அணைந்த இடத்தில் பாட்டி உள்ளிருந்து ‘யாரது?’ என்று கேட்டது அப்படியே பதிவாகியிருக்கிறது. அதை வைத்துக்கொள்ளலாமா?

---

வெட்டிஒட்டு எழுதியது:

வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று விநாடி இருட்டில், இரண்டாவது விநாடியில். அதற்கு மேல் அந்த இடத்தில் மியூசிக் வேண்டாம்.