மாற்றுச் சிறுநீரகத்தில் ஆன்டிபாடி நிராகரிப்பு: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். தம்பிக்கு அம்மாவின் சிறுநீரகம் பொருத்தியிருக்கிறது. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இப்போது ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) மெல்ல ஏறுகிறது, சிறுநீரில் புரதமும் போகிறது. பயாப்சியில் 'சி4டி பாசிட்டிவ்'. ரத்தத்தில் டிஎஸ்ஏ, அதாவது தானம் தந்தவரின் எச்எல்ஏவுக்கு (செல்களின் மேலுள்ள அடையாளப் புரதம்) எதிரான ஆன்டிபாடி; எச்எல்ஏவில் டிகியூ என்ற வகைக்கு எதிரானதாம்.

டாக்டர் சொன்னதில் புரிந்தவரை, இந்த ஆன்டிபாடி சிறுநீரகத்தின் நுண்ணிய ரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு காம்ப்ளிமென்ட் என்ற நோயெதிர்ப்புப் புரதங்களைக் கிளப்பிவிடுகிறது. அதன் தடயம்தான் சி4டி. டி செல்கள் என்ற வெள்ளணுக்களின் தாக்குதல் பெரும்பாலும் ஸ்டீராய்டுக்கு அடங்கிவிடும். இது லேசில் மசியாது. அறுவைக்கு முன் கிராஸ்மேட்ச் (தானம் தருபவருக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) நெகட்டிவ்தான், அப்புறம் புதிதாக உருவாகியிருக்கிறது. (நிராகரிப்பைத் தடுக்கும் மாத்திரையை விட்டாயா என்று ஆளாளுக்கு அவனைக் குடைகிறார்கள், பாவம்.)

பிளாஸ்மாபெரிசிஸும் (ரத்தத்தின் பிளாஸ்மாவைப் பிரித்து ஆன்டிபாடியை நீக்குவது) ஐவிஐஜியும் (தானம் பெற்ற ரத்தத்திலிருந்து எடுத்த ஆன்டிபாடிகளை நரம்பு வழி ஏற்றுவது) தரலாம் என்கிறார்கள். செய்துகொண்டவர்கள் இருக்கிறீர்களா? டிஎஸ்ஏ குறைந்ததா, குறைந்தபின் மறுபடி ஏறியதா? ரிட்டுக்சிமாப் (பி செல்களை அழிக்கும் மருந்து) சேர்த்தவர்களுக்குத் தொற்றுத் தொல்லை இருந்ததா? நிராகரிப்பைத் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவைக் கூட்டினார்களா? மருந்து யோசனை வேண்டாம், அதை டாக்டர் பார்த்துக்கொள்வார். அடுத்த முறை அவரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.