ஆச்சியின் வெள்ளி ரூபாய்கள்: எதைத் தனியாக எடுத்து வைப்பது?

கேள்வி:
ஆச்சியின் டிரங்குப் பெட்டியில் ஒரு சுருக்குப்பை இருந்தது. உள்ளே 14 வெள்ளி ரூபாய்கள். 1840, 1862 போட்ட ராணி காசுகள், 1911 முதல் 1919 வரை ராஜா காசுகள். நகைக்கடையில் மொத்தமாகத் தராசில் போட்டு எடைக்கு விலை சொன்னார்கள். மனசு ஒப்பவில்லை, திரும்ப எடுத்து வந்துவிட்டேன். இவற்றில் எது அபூர்வம்? அத்தை புளி போட்டுத் தேய்த்துத் தருவதாகச் சொல்கிறார்.

பதில் 1:
புளி வேண்டவே வேண்டாம். அந்தக் கறுப்புப் படிவோடு இருந்தால்தான் சேகரிப்பவர்கள் மதிப்பார்கள்.

முதலில் 1911ஐ எடுங்கள். ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் ஒரு குட்டி யானை உண்டு. அந்த வருடக் காசில் தும்பிக்கை குட்டையாகி, பார்ப்பதற்குப் பன்றி போலவே இருந்தது. மக்கள் கொதித்ததால் அரசு காசைத் திரும்பப் பெற்றது. அடித்தது சுமார் 94 லட்சம், வெளியே போனது ஏறக்குறைய 7 லட்சம். மீதியை உருக்கிவிட்டார்கள். 1912 முதல் தும்பிக்கை தெளிவாக நீண்டது. அதனால் வருடத்தை மட்டும் நம்பாதீர்கள். 1917இல் உள்ள 7ஐச் சுரண்டி 1 ஆக்கியிருந்தாலும் யானை காட்டிக்கொடுத்துவிடும். பத்து மடங்கு லென்ஸ் போதும்.

பதில் 2:
ராணி காசுகளையும் விட்டுவிடாதீர்கள். 1840 என்ற ஆண்டு பல வருடம் மாறாமலே அச்சானது. ‘விக்டோரியா குயின்’ தலைக்கு மேல் தொடர்ச்சியாக வளைந்து போனால் முந்தைய வகை, தலைக்கு இருபுறமும் பிரிந்து நின்றால் பிந்தைய வகை. அப்புறம் பின்பக்க இலைமாலையில் உள்ள காய்களைப் பொறுமையாக எண்ணுங்கள், அதிலும் வகை உண்டு. 1862ம் இப்படித்தான், 1874 வரை அதே ஆண்டு. பம்பாய் நாணயச்சாலை, காசை உண்மையில் அடித்த வருடத்தைப் புள்ளிகளால் குறித்தது. ஆண்டின் அருகே பாருங்கள். நான் முதல் புள்ளியைக் கண்டுபிடித்த இரவு தூங்கவே இல்லை.

கேட்டவர்:
லென்ஸ் வாங்கிப் பார்த்தேன். 1911 ஒன்றுதான் இருக்கிறது, தும்பிக்கை குட்டை! ஆனால் மேல் விளிம்பில் பற்றவைத்த தடம். ஆச்சி காசுமாலையில் கோத்திருந்தாராம். அதை எடுத்துவிடலாமா?

பதில் 1:
கை வைக்காதீர்கள். பற்று வைத்த காசுக்கு விலை நிறையக் குறையும், உண்மைதான். அரத்தால் ராவினால் இன்னும் குறையும். இதை விற்காமல் வைத்துக்கொள்ளுங்கள். சரி, 1862இல் எத்தனை புள்ளி?