கச்சத்தீவுக்கு யார் யார்?

(குடும்பக் குழு: தங்கச்சிமடம் அப்பத்தா வீடு)

பெரியப்பா: ராமேஸ்வரம் வேர்க்கோடு பங்குக் கோயிலில் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு விண்ணப்பம் கொடுக்கிறார்கள். அம்மா இந்த முறை போயே தீருவேன் என்கிறாள். வருகிறவர்கள் இன்று ராத்திரிக்குள் பெயர் சொல்லுங்கள்.

ஸ்டெல்லா அத்தை: முட்டி வலியோடு அம்மா படகில் ஏறுவாளா?

அருள் அண்ணன்: நான் தூக்கி ஏற்றிவிடுகிறேன் அத்தை

சென்னை சித்தி: நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்களே. அதில் உட்கார்ந்து போகலாமே

பெரியப்பா: அதற்கு பாஸ்போர்ட் வேண்டும். அம்மாவிடம் எது? கச்சத்தீவுத் திருவிழாவுக்குத் தேவையில்லை. 1974 ஒப்பந்தத்தில் தீவு இலங்கை பக்கம் போனாலும், 5ஆவது பிரிவில் இப்படி எழுதியிருக்கிறது: நம் மீனவர்களும் திருப்பயணிகளும் முன்போலவே போய் வரலாம், பயண ஆவணமோ விசாவோ கேட்கக் கூடாது. தெற்காசிய நாடுகள் சேர்ந்து சார்க் என்ற கூட்டமைப்பை 1985-இல் ஆரம்பித்தார்கள். 2014 காத்மாண்டு மாநாட்டுக்குப் பிறகு தலைவர்கள் ஒரு உச்சிமாநாட்டில்கூட உட்காரவில்லை. ஆனால் போர்க்காலத்தில் நின்றுபோன இந்தத் திருவிழா திரும்பவும் நடக்கிறது. அம்மாவும் இலங்கை நெடுந்தீவில் இருக்கிற அவள் தங்கச்சியும் பாஸ்போர்ட் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேறு இடம் எனக்குத் தெரியவில்லை.

அருள் அண்ணன்: 👍

பாம்பன் மாமா: என் படகு வராது.

ஸ்டெல்லா அத்தை: ஆரம்பித்துவிட்டார்

பாம்பன் மாமா: நம் பையன்கள் அங்கே சிறையில் கிடக்கும்போது எனக்கு என்ன திருவிழா? 2024-இல் எல்லாரும் சேர்ந்துதானே புறக்கணித்தோம்.

அருள் அண்ணன்: 2025-இல் போனார்களே மாமா

நெடுந்தீவு சித்தப்பா: அண்ணா, அம்மாவும் "அக்கா வருவாவோ" என்று நாள்தோறும் கேட்கிறா. எல்லோரும் வாங்கோ.

சென்னை சித்தி: சின்னம்மாவை நான் கேட்டதாகச் சொல்லு தம்பி. சந்தன சோப்பு கிடைக்குமா?

ஸ்டெல்லா அத்தை: எனக்குப் பனம்பழப் பனாட்டு

சென்னை சித்தி: போன முறை சின்னம்மா எனக்குக் கொடுத்துவிட்ட சேலை இன்னும் என் கைக்கு வரவில்லை

ஸ்டெல்லா அத்தை: கிறிஸ்துமஸுக்கு வந்தபோது கேட்டிருக்கலாமே

பெரியப்பா: சேலையை அப்புறம் பேசுங்கள்.

நெடுந்தீவு சித்தப்பா: அத்தான், உங்கள் கோபம் எனக்கு விளங்குது. சிறையில் இருக்கிற பிள்ளைகளுக்காக இங்கேயும் செபிக்கிறோம். ஆனால் போன மாதம் அந்தப் பக்கத்து இழுவைப்படகு வந்து என் வலை முழுக்கப் போய்விட்டது. கடன் வாங்கி வாங்கின வலை. இழுவைமடித் தொழிலை இங்கே 2017-இலேயே சட்டம் போட்டுத் தடை செய்தாச்சு.

பாம்பன் மாமா: அது என் படகில்லை.

நெடுந்தீவு சித்தப்பா: உங்கள் படகு என்று நான் சொல்லேல்லை அத்தான்

பாம்பன் மாமா: டீசல் விலைக்கு வேறு எந்தத் தொழில் செய்ய?

பெரியப்பா: மச்சான், இரண்டு அரசும் 2016-இல் மீனவர் பிரச்சினைக்காகக் கூட்டுப் பணிக்குழு அமைத்தன. இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். வலை போனவனும் படகு போனவனும் ஒரே குடும்பமாக உட்கார நமக்கு அந்த ஒரு ராத்திரி இருக்கிறது. அதையும் விட்டுவிட வேண்டாம்.

ஸ்டெல்லா அத்தை: அங்கே குடிக்கத் தண்ணீர்?

பெரியப்பா: தீவில் குடிதண்ணீர் கிடையாது, நாமும் கொண்டுபோக வேண்டும். 285 ஏக்கரில் ஒரு வீடு இல்லை, கோயில்தான். புதுக் கோயிலை 2016 டிசம்பரில் அர்ச்சித்தார்கள். முதல் நாள் கொடியேற்றம், சிலுவைப்பாதை, ராத்திரி தேர்ப்பவனி. மறுநாள் காலையில் தமிழிலும் சிங்களத்திலும் திருப்பலி.

நெடுந்தீவு சித்தப்பா: தண்ணீரும் சாப்பாடும் நாங்களும் கொண்டு வருவம்

பாம்பன் மாமா: சங்கத்தில் கேட்டுச் சொல்கிறேன். படகு வரும் என்று இப்போதே எழுதிவிடாதீர்கள்.

அருள் அண்ணன்: வேறு படகிலும் பெயர் கொடுத்து வைக்கிறேன்

சென்னை சித்தி: லீவு கிடைத்தால் வருகிறேன். சேலை?

பெரியப்பா: அருள், அப்பத்தா பெயரை முதலில் எழுது.

அருள் அண்ணன்: எழுதியாச்சு. ஆதார் நகல் இருக்கிறது. போட்டோதான் இல்லை

ஸ்டெல்லா அத்தை: கண்ணாடி போட்ட போட்டோ ஒத்துக்கொள்வார்களா?