பழைய ரிம்லெஸ் (மேல்விளிம்பில் சட்டமில்லாத) மீன் தொட்டி: மூலைச் சிலிக்கானில் குமிழ், நம்பலாமா?

கொளத்தூரில் போன வாரம் வாங்கிய தொட்டி. நாலடி நீளம், அகலமும் உயரமும் ஒன்றரை அடி, 10 மி.மீ. கண்ணாடி, மேலே பிரேஸ் (கண்ணாடி வளையாமல் பிடிக்கும் பட்டை) கிடையாது. நிரப்பினால் 250 லிட்டர் பிடிக்கும், வீடோ இரண்டாவது மாடி.

முன்பக்க இடது மூலையில், கீழிருந்து நாலு விரல் உயரத்துக்கு, இரண்டு கண்ணாடிக்கும் நடுவிலுள்ள சிலிக்கானில் வெள்ளையாகக் குமிழ்கள். உள்ஓரத்துச் சிலிக்கானும் பிளேடு பட்டு உரிந்திருக்கிறது. அது பரவாயில்லை, பாரம் தாங்குவது நடுவிலுள்ளதுதானே.

தெர்மாகோல் போட்டு, ரசமட்டம் பார்த்து, முழுக்க நிரப்பி விட்டுவைத்தேன். சுற்றிலும் விரித்த செய்தித்தாள் நனையவில்லை. முன் கண்ணாடி மட்டும் நடுவில் 2 மி.மீ. வெளியே வளைந்தது, காலி செய்ததும் நேராகிவிட்டது. விற்றவர் "ஒண்ணும் ஆகாது சார்" என்கிறார். வேறென்ன சொல்வார்!

இந்தக் குமிழோடு அப்படியே ஓட்டலாமா, இல்லை அந்த மூலையைப் பிரித்துப் புதிதாக ஒட்டித்தான் ஆகவேண்டுமா?